பெயர் கேளாத ஊர்களின் நல்ல வைன்கள்

எமது சங்க அங்கத்தவர்களில் கணிசமானோர் இலண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓஃப் லைசென்ஸ் உள்ள கடைகளை நடத்திவருகின்றனர். பியர், பால், பாண், அரிசி, உறைந்த மீன் ஆகியவற்றின் கணக்கு எம்மவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் வைன் இறாக்கைக்கு முன்னால் நின்று, "இந்தப் போத்தல் ஏன் ஆறு பவுண், அந்தப் போத்தல் ஏன் ஒன்பது பவுண்?" என்று வாடிக்கையாளர் கேட்டால் பலரிடம் பதில் இல்லை. குடிப்பழக்கம் இல்லாதவர்களும் எம்மில் அதிகம். தாம் ருசி பாராத சாமானை விற்பது சிரமந்தான். எனினும் கருவாட்டை வாயில் வைக்காத சைவக்காரர் கருவாட்டு வியாபாரத்தில் கெட்டிக்காரராக இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். சாமானின் ஊர், தரம், விலை மூன்றும் தெரிந்தால் போதும்.

வைன் இறாக்கையில் எமது சிறு கடைகள் படும் பாடு எல்லோரும் அறிந்ததே. தொலைக்காட்சியில் விளம்பரமாகும் பெரிய பெயர்களை அடுக்கி வைக்கிறோம். அதே போத்தலைத் தெருமுனைச் சுப்பர் மார்க்கட் எமது கொள்விலைக்கும் குறைவாக விற்கிறது. வாடிக்கையாளர் இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, எம்மைக் கொள்ளைக்காரர் என்று நினைத்துக்கொண்டு போகிறார். அவர் ஒப்பிட முடியாத சாமான் ஒன்று, அதுவும் விலைக்கு மிஞ்சிய தரமுள்ள சாமான் ஒன்று எம்மிடம் இருந்தால் நிலைமை மாறும். ஐரோப்பாவின் அதிகம் அறியப்படாத வைன் பிரதேசங்கள் அத்தகைய சாமானைத் தருகின்றன. அவற்றை இனங்காண்பது எப்படி என்பதே இப்பாடம்.

ஒரு போத்தலின் கணக்கு

முதலில் வரியைப் பார்ப்போம். இங்கிலாந்தில் வைனுக்கான தீர்வை 2023 ஓகஸ்ட் 1 முதல் மதுச்செறிவின் அடிப்படையில் கணிக்கப்படுகிறது. 11.5 முதல் 14.5 வீதம் வரையான வைன்களை எல்லாம் 12.5 வீதமாகக் கருதும் தற்காலிகச் சலுகை ஒன்று இருந்தது. அதுவும் 2025 ஜனவரி 31 உடன் முடிந்தது. 2025 பெப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த விகிதம், ஒரு லீற்றர் சுத்த மதுசாரத்துக்கு 29.54 பவுண். இவ்விகிதம் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவது; கணக்குப் போடும் நாளில் நடப்பு விகிதத்தைப் பார்த்துக்கொள்க. நாம் இங்கு காட்டும் உதாரணங்கள் 2025 பெப்ரவரி விகிதத்தின்படி அமைந்தவை.

12.5 வீத வைன், 75 சென்ரி லீற்றர் போத்தல், கடையில் 6 பவுணுக்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 பவுண் வற் வரி. மீதி 5 பவுண். கடைக்காரர் அந்த 5 பவுணில் கால்வாசியைத் தமது மொத்த இலாபமாக வைத்தால் 1.25 பவுண். தீர்வை 2.77 பவுண். எஞ்சுவது 98 பென்ஸ். இந்த 98 பென்சுக்குள்தான் கண்ணாடிப் போத்தல், தக்கை, லேபிள், பெட்டி, லொறி, கப்பல், இறக்குமதியாளரின் கூலி, திராட்சை பயிரிட்டவரின் உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். போத்தலுக்குள் இருக்கும் வைனுக்கு என்ன மிஞ்சும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இப்போது 9 பவுண் போத்தலைப் பாருங்கள். வற் வரி 1.50. மீதி 7.50. கடையின் கால்வாசி 1.88. தீர்வை அதே 2.77. எஞ்சுவது 2.85 பவுண். விற்பனை விலை ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆனால் சரக்குக்கும் போக்குவரத்துக்கும் போகும் பணம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. 12 பவுண் போத்தலில் அது 4.73 பவுண். தீர்வை விலைக்கு ஏற்பக் கூடுவதில்லை, மதுச்செறிவுக்கு ஏற்பவே கூடுகிறது. ஆகவேதான் 8 பவுணுக்கும் 12 பவுணுக்கும் இடைப்பட்ட போத்தல்கள் வாடிக்கையாளருக்கு மிகவும் இலாபமானவை. கடைக்காரருக்கும் 6 பவுண் போத்தலை விட 9 பவுண் போத்தலில் 63 பென்ஸ் அதிகம் கிடைக்கிறது. இறாக்கையில் இரண்டு போத்தலும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன.

ஸ்கொட்லாந்தில் கடை வைத்திருக்கும் அங்கத்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கு 2024 செப்டெம்பர் 30 முதல் ஆகக் குறைந்த விலை ஒரு யூனிற்றுக்கு 65 பென்ஸ். அந்த விகிதப்படி 12.5 வீத வைன் போத்தல் ஒன்றை 6.09 பவுணுக்குக் குறைத்து விற்க முடியாது. மலிவு விலைப் போட்டியின் அடித்தளமே அங்கு சட்டத்தால் உயர்த்தப்பட்டுள்ளது.

மதுச்செறிவு வித்தியாசமும் கவனிக்கற்பாலது. 10 வீத வைனுக்குத் தீர்வை 2.22 பவுண். 14.5 வீத வைனுக்கு 3.21 பவுண். வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு பவுண். வற் வரியோடு சேர்த்தால் 1.19 பவுண். வெயில் கொளுத்தும் தெற்கின் கனத்த சிவப்பு வைனும், கடற்காற்று வீசும் வடமேற்கின் இலேசான வெள்ளை வைனும் உற்பத்தியாளரிடம் ஒரே விலையாக இருந்தாலும் எமது கடைக்கு வரும்போது ஒரே விலையாக இராது. விலைப்பட்டியலில் மதுச்செறிவைப் பாராமல் ஓடர் கொடுப்பவர் அரைக் கணக்கோடு வியாபாரம் செய்கிறார்.

மலிவாக இருப்பது ஏன்?

மலிவுக்கு நல்ல காரணமும் உண்டு, கெட்ட காரணமும் உண்டு. கெட்ட காரணம் சரக்கு மட்டமாக இருப்பது. நல்ல காரணங்கள் சிலவற்றை அறிந்துகொண்டால் கெட்டதைத் தள்ளிவிடலாம்.

பேர்கண்டி, ஷம்பேன், போர்டோவின் பெயர்பெற்ற கிராமங்கள் போன்ற இடங்களில் திராட்சை நிலத்தின் விலை மிக உயர்ந்தது. போத்தல் விலையில் ஒரு பகுதி நிலத்துக்கும் பெயருக்கும் கொடுக்கும் வாடகை போன்றது. நாம் பேசும் பிரதேசங்களில் அந்த வாடகை இல்லை.

தென்மேற்குப் பிரான்சிலுள்ள கஸ்கொனியின் கதை இதற்கு நல்ல உதாரணம். அது ஆர்மஞ்ஞாக் பிராந்தி வடிக்கும் நாடு. பிராந்திக்காக உக்னி பிளாங், கொலொம்பார்ட் என்னும் வெள்ளைத் திராட்சைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தார்கள். பிராந்தி விற்பனை தளர்ந்தபோது, காய்ச்சி வடிக்க வைத்திருந்த அதே திராட்சையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் குளிரூட்டிய உருக்குத் தொட்டிகளில் அதைப் புளிக்கவைத்து, எலுமிச்சை வாசமுள்ள, இலேசான, உடனே குடிக்கத்தக்க வெள்ளை வைனாக்கினார்கள். பிளெசான்ஸ், எய்ஞான், சென் மொன் ஆகிய மூன்று ஊர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் 1979இல் இணைந்து, தம் ஊர்ப் பெயர்களின் துண்டுகளைச் சேர்த்து பிளெமொன் என்று பெயர் வைத்துக்கொண்டன. கோட் து கஸ்கொன் என்ற லேபிளோடு வரும் வெள்ளை வைன் இன்றும் ஐரோப்பாவின் நம்பகமான மலிவு வைன்களில் ஒன்று. மதுச்செறிவும் பெரும்பாலும் குறைவு. பிராந்திக்காரர் நெருக்கடியில் கண்டுபிடித்த வழி எமது இறாக்கைக்கு உதவுகிறது.

சந்தையை இழந்த நாடுகள் இரண்டாவது வகை. 1980களில் இங்கிலாந்தில் பல்கேரியாவின் கபர்னே சோவினியோன் சிவப்பு வைன் மலிவுக்கும் தரத்துக்கும் பேர்போனது. 1989இல் ஆட்சி மாறியது. அரச பண்ணைகள் உடைந்து நிலங்கள் பழைய உரிமையாளர்களிடம் துண்டு துண்டாகத் திரும்பின. பராமரிப்பாரில்லாமல் தோட்டங்கள் பாழாயின, பெயரும் போயிற்று. அதன்பின் புதிய முதலீட்டோடு தோட்டங்கள் திருந்தியபோதும் பழைய மவுசு திரும்பவில்லை. மவ்ருட் என்னும் அந்நாட்டுத் திராட்சையில் செய்த சிவப்பு வைன் கனமானது, ஆட்டிறைச்சிக் கறிக்கு இணையானது.

மோல்டோவாவின் கதையும் அதுபோன்றதே. சோவியத் காலத்திலிருந்து ரஷ்யச் சந்தையை நம்பி வாழ்ந்த நாடு அது. 2006இலும் 2013இலும் ரஷ்யா அதன் வைனுக்குத் தடை விதித்தது. ஒரேயொரு வாங்குநரை நம்பி வியாபாரம் செய்தவர் என்ன ஆவார் என்பதை அந்நாட்டு விவசாயிகள் இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள். பின்னர் மேற்குச் சந்தையை நோக்கித் திரும்பி, தரத்தை உயர்த்தினார்கள். மிலெஷ்டி மிச்சி என்ற இடத்தில் சுண்ணக்கல் வெட்டிய சுரங்கங்களே வைன் களஞ்சியம்; அங்கு போத்தல்களைப் பார்வையிட வாகனத்தில் போகிறார்கள்.

பெயர் வாயில் நுழையாமை மூன்றாவது காரணம். இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் உண்மை. "ஃபெத்தியாஸ்கா நியாக்ரா" என்று கேட்டு வாங்க வெட்கப்படும் வாடிக்கையாளர் "மெர்லோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். எம்மவரின் நீண்ட பெயர்களை வெள்ளைக்காரர் சுருக்கிக் கூப்பிடும் கதைதான். கடைக்காரர் ஒருமுறை தெளிவாகச் சொல்லிக் கொடுத்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

போர்த்துக்கல்

எம்மைக் கேட்டால், புதிதாக ஆரம்பிப்பவர் போர்த்துக்கலில் ஆரம்பிக்கட்டும் என்போம். அந்நாட்டுக்கே உரிய திராட்சை இனங்கள் இருநூற்றைம்பதுக்கு மேல் உண்டு. உலகமெங்கும் விளையும் பிரெஞ்சு இனங்களை நட்டு அவர்கள் அவசரப்படவில்லை. அதனால் வேறு நாட்டில் கிடைக்காத ருசி, ஆனால் பெயர் தெரியாததால் விலை குறைவு.

வடமேற்கு மூலையில் மழை அதிகம் பெய்யும் பகுதி வின்யோ வெர்டே. பெயரின் பொருள் பச்சை வைன். நிறத்தைக் குறிப்பதன்று, இளமையைக் குறிப்பது. இலேசான நுரையும் நல்ல புளிப்பும் உண்டு. மதுச்செறிவு பல போத்தல்களில் 9 முதல் 11.5 வரைதான். தீர்வைக் கணக்கை மேலே பார்த்த பின் இதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. மலிவான கலவைப் போத்தல்களுக்கு மேலே, லொரெய்ரோ அல்லது அல்வரின்யோ என்று திராட்சையின் பெயர் தனியாக எழுதிய போத்தல்கள் இருக்கின்றன. ஸ்பெயினின் கலீசியாவில் அல்பரீன்யோ என்று பெயர் மாறி அதிக விலைக்குப் போவதும் இந்த அல்வரின்யோதான். எல்லை ஆறு ஒன்று, இக்கரையில் ஒரு விலை, அக்கரையில் ஒரு விலை.

நடுப்பகுதியிலுள்ள டௌ மலைசூழ்ந்த கருங்கல் பூமி. அங்கு நெடுங்காலம் திராட்சை வாங்கும் உரிமை கூட்டுறவுச் சங்கங்களிடம் மாத்திரமே இருந்தது. போட்டி இல்லாத இடத்தில் தரம் என்ன ஆகும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும்: துவர்ப்பு மிகுந்த, உயிரற்ற வைனாயிற்று. போர்த்துக்கல் 1986இல் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்த பின் அந்த ஏகபோகம் நீங்கியது. தனித் தோட்டக்காரர்கள் தாமே வைன் செய்து போத்தலில் அடைக்கத் தொடங்கினார்கள். இன்று டௌ சிவப்பு வைன், 9 அல்லது 10 பவுணில், பேர்கண்டி பிரியர்களும் மறுக்காத மென்மை உடையது. ஆயினும் பழைய அவப்பெயரின் நிழல் விலையில் இன்னும் இருக்கிறது. தெற்கே அலென்தேஜு வெயில் நாடு. கனிந்த, எளிதில் பிடிக்கும் சிவப்பு வைன்கள். லிஸ்போவா என்று லேபிளில் கண்டால் தலைநகரைச் சுற்றியுள்ள பிரதேசம். 6, 7 பவுண் இறாக்கைக்கு அதைவிட நல்லது அரிது.

ஸ்ரொக்வெல், லம்பெத் பகுதிகளில் கடை வைத்திருப்போருக்குப் போர்த்துக்கேய வாடிக்கையாளர்கள் ஏராளம். அவர்களிடமே கேளுங்கள், எந்த ஊர் வைன் நல்லது என்று. இலவசமாகப் பாடம் சொல்லித் தருவார்கள்.

ஸ்பெயினும் பிறவும்

ஸ்பெயினில் றியோஹாவைத் தெரியாதவர் இல்லை. அதன் கிழக்கே அரகன் மாகாணத்தில் கம்போ தெ போர்ஹா, கலாதாயுத், கரின்யேனா என்ற மூன்று பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கு கர்னாச்சா என்னும் சிவப்புத் திராட்சைக் கொடிகள் மிகவும் வயது முதிர்ந்தவை. முதிர்ந்த கொடி குறைவாகக் காய்க்கும், ஆனால் சாரம் அதிகம். பிரான்சில் ஷத்தோநெஃப் து பாப் என்று பெரும் பெயரில் விற்கப்படும் வைனின் முக்கிய திராட்சையும் இதுவே. அங்கு அதற்குக் கிரெனாஷ் என்று பெயர். மதுச்செறிவு 14, 14.5 என்று இருக்கும் என்பதால் தீர்வையைக் கணக்கில் எடுத்து விலை போடுக. தென்கிழக்கில் ஹூமில்யா, யெக்லா என்ற வறண்ட பிரதேசங்களில் மொனாஸ்திரெல் என்ற திராட்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளை அழித்த பிலொக்ஸெரா பூச்சி ஹூமில்யாவைப் பெரிதாகத் தாக்கியது 1989இல்தான். வடமேற்கில் பியேர்ஸோவின் மென்ஸியா சிவப்பும், வால்தேஓராஸின் கொதேயோ வெள்ளையும் இன்னும் ஒரு படி மேல். கொதேயோ அழிந்துபோகும் நிலையில் இருந்து 1970களில் மீட்டெடுக்கப்பட்ட இனம். விலை இப்போது ஏறத் தொடங்கியிருக்கிறது.

பிரான்சின் லோயர் நதி முகத்துவாரத்தில் விளையும் முஸ்கடே பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் எங்கும் விற்ற வெள்ளை வைன், பின்னர் மதிப்பிழந்தது. இன்று "சுர் லீ" என்று லேபிளில் உள்ள முஸ்கடே, புளித்து முடிந்த ஈஸ்ட் வண்டலின் மேலே குளிர்காலம் முழுவதும் கிடந்து ருசி ஏறியது. மீன், இறால், நண்டு வாங்கிப் போகும் வாடிக்கையாளருக்கு இதைக் காட்டுங்கள். லங்குடொக் பிரதேசத்தின் பிக்பூல் து பினேயும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதை இங்கிலாந்து கண்டுபிடித்துவிட்டது, முன்போல மலிவில்லை.

இத்தாலியில் தெற்கே போகப் போக நியாய விலை. புலியாவின் நெக்ரொஅமாரோ, சிசிலியின் நேரோ தாவொலா, கம்பானியாவின் பலங்கினா வெள்ளை. ஒரு எச்சரிக்கை: மொந்தேபுல்ச்சானோ தப்ருட்சோ என்பதில் மொந்தேபுல்ச்சானோ திராட்சையின் பெயர். வீனோ நோபிலே தி மொந்தேபுல்ச்சானோ என்பதில் அது தஸ்கனியிலுள்ள ஊரின் பெயர், திராட்சையும் வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்து விலை கேட்டுச் சண்டை பிடிக்கும் வாடிக்கையாளர் வருவார்.

ருமேனியாவில் 1,80,000 ஹெக்டேருக்கு மேல் திராட்சை. மேற்கே பனாட் பிரதேசத்தின் றெகாஷ் ஊரிலிருந்து வரும் பினோ நுவார், இங்கிலாந்தின் மலிவான பினோ நுவார்களில் பெரும் பங்கு வகிக்கிறது. பேர்கண்டியில் அந்தத் திராட்சைக்குக் கேட்கும் விலையின் ஒரு சிறு பகுதி. ஹரோ, பார்னட் பகுதிக் கடைக்காரர்கள் ருமேனியருக்கு அவர்கள் ஊர் ஃபெத்தியாஸ்காவையும் வைக்கலாம். ஹங்கேரியின் உலர்ந்த ஃபுர்மின்ற், கிரேக்கத்தின் நெமேயா சிவப்பு ஆகியவை 10 பவுணுக்கு மேற்பட்ட இறாக்கைக்கு உரியவை. ஆரம்பத்தில் அவசரம் வேண்டாம்.

ஒஸ்திரியாவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பழைய கதையையும் கேட்டிருப்பார்கள். 1985இல் அங்கு சில வியாபாரிகள் வைனைத் தடிப்பாகவும் இனிப்பாகவும் காட்ட டைஎதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனத்தைக் கலந்தது அம்பலமாயிற்று. ஏற்றுமதி ஒரேயடியாக விழுந்தது. நேர்மையாக வைன் செய்த தோட்டக்காரனும் சேர்ந்தே விழுந்தான். அதே ஆண்டில் ஐரோப்பாவிலேயே மிகக் கடுமையான வைன் சட்டங்களில் ஒன்றை அந்நாடு கொண்டுவந்தது. தர வைன் போத்தலின் மூடியில் சிவப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டையும் லேபிளில் அரச பரிசோதனை இலக்கமும் இருக்கும். கிரூனர் வெல்ட்லினர் என்ற அவர்களது வெள்ளை வைன் மிளகு வாசமுள்ளது.

லேபிளும் மாறுபெயர்களும்

ஒரே திராட்சை நாட்டுக்கு நாடு பெயர் மாறும். இது தெரிந்தால் வாடிக்கையாளரை ஒரு போத்தலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். கலிபோர்னியாவின் சின்ஃபண்டெல் கேட்டு வருபவருக்குப் புலியாவின் பிரிமித்தீவோ. இரண்டும் ஒன்றே, குரொவேஷியாவின் பழைய இனமொன்றும் அதுவே என்பது மரபணு ஆய்வில் உறுதியானது. றியோஹாவின் டெம்பிரனீயோவுக்குப் போர்த்துக்கலில் டின்டா றொரிஸ் அல்லது அரகோனெஸ் என்று பெயர். மென்ஸியாவுக்கு டௌவில் ஜேன். மொனாஸ்திரெலுக்குப் பிரான்சில் மூர்வெத்ர். ஆர்ஜென்ரீனாவின் மல்பெக் பிரான்சின் கஹோர் பகுதியிலிருந்து போனது. ஹங்கேரியில் சுர்கெபராட் என்று கண்டால் அது பினோ கிறீஜோ.

ஸ்பெயினில் கிரியான்சா, றெசேர்வா, கிரான் றெசேர்வா என்ற சொற்களுக்குச் சட்டப்படி அர்த்தமுண்டு. சிவப்பு றெசேர்வா என்றால் ஆகக் குறைந்தது 36 மாதம் முதிர வைத்தது, அதில் 12 மாதமாவது பீப்பாயில் இருந்தது. பிரெஞ்சு லேபிளில் "றெசேர்வ்" என்றிருந்தால் பெரும்பாலும் அலங்காரமே. தங்கப் பதக்கம் ஒட்டியிருந்தால் எந்தப் போட்டி, எந்த ஆண்டு என்று வாசிக்கவும். எல்லாப் பதக்கமும் ஒரே நிறை அல்ல.

எங்கே வாங்குவது?

2017 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் மொத்த மது வியாபாரிகளிடம் கொள்வனவு செய்யும் கடைக்காரர், அந்த வியாபாரி வருமான வரி, சுங்கத் திணைக்களத்தால் அனுமதிக்கப்பட்டவர்தானா என்று பதிவு இலக்கத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இது மொத்த வியாபாரியின் பொறுப்பு மாத்திரம் அன்று, எமது பொறுப்பும் ஆகும். வானில் கொண்டுவந்து, விலைச்சிட்டை இல்லாமல், "அண்ணை, கொண்டெய்னர் மிச்சம்" என்று இறக்கிவிட்டுப் போகும் பத்துப் பெட்டியில் மிச்சப்படும் காசு, கடை லைசென்ஸ் பறிபோனால் எதற்கும் காணாது. சரிபார்த்த திகதியை எழுதி, விலைச்சிட்டையோடு கோர்வையில் வையுங்கள்.

விலை கேட்கும்போது அது "தீர்வை கட்டியதா", களஞ்சியத்தில் தீர்வை கட்டாமல் இருக்கும் "பொண்ட்" விலையா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் வற் வரி சேர்க்காத விலையையே சொல்வார்கள். பெட்டி ஆறா, பன்னிரண்டா என்பதும் முக்கியம். இவை மூன்றும் தெளிவில்லாமல் இரு இறக்குமதியாளரின் விலையை ஒப்பிடுவது வீண்.

ருசி பார்க்காமல் வாங்க வேண்டாம். தாம் குடிக்காதவர் நம்பிக்கையான வேலையாள் ஒருவரை அல்லது வழமையான வாடிக்கையாளர் இருவரைக் கூப்பிடலாம். ஒரே விலையுள்ள மூன்று போத்தலைக் காகிதத்தில் சுற்றி, இலக்கமிட்டு, ஏற்கனவே விற்கும் பெரிய பெயரொன்றையும் நடுவில் வைத்துக் கேளுங்கள். மீதியை மூடி, மறுநாளும் ருசி பாருங்கள். ஒரே இரவில் செத்துப்போகும் வைன் பலவீனமானது.

இறாக்கையில் வைத்தல்

ஒரு பிரதேசத்துக்கு ஒரு பெட்டிதான் முதல் ஓடர். கலந்த பெட்டி தரும் மொத்த வியாபாரியே ஆரம்பத்துக்கு ஏற்றவர். பலற் கணக்கில் வாங்கினால் கழிவு கிடைக்கும், உண்மை; ஆனால் விற்காத நூறு போத்தல் முஸ்கடே அடுத்த கோடையில் கடையின் மூச்சை அடைக்கும். 10 பவுணுக்குக் குறைந்த வெள்ளை, றோஸே வைன்களை அறுவடை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் விற்றுவிட வேண்டும். ஜன்னல் வெயிலிலும் பியர் குளிரூட்டியின் சூடான முதுகுப் பக்கத்திலும் போத்தல்களை வைக்காதீர்கள். ஈரக் கடதாசி மட்டை போல் மணக்கும் போத்தலை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால், அது தக்கையின் பழுது. முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்து, மொத்த வியாபாரியிடம் வரவு கேளுங்கள்.

விலைத்துண்டுக்கு மேலே கையால் எழுதிய ஒரு வரி போதும்: என்ன ஊர், எதனோடு நல்லது. "உறைப்புக் கறியோடு" என்று எழுதுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுச்செறிவும் துவர்ப்பும் கூடிய சிவப்பு வைன் மிளகாய் உறைப்பை இன்னும் கூட்டிக் காட்டும். உறைப்புக்கு வின்யோ வெர்டே போன்ற இலேசானதும், சற்று இனிப்பானதும், றோஸேயும் பொருந்தும். இந்த விடயத்தில் எமது கடைக்காரர் சொல்லும் வார்த்தைக்கு எந்தச் சுப்பர் மார்க்கட் நிபுணரின் வார்த்தையைவிடவும் மதிப்புண்டு. கறியைப் பற்றி எமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நத்தார்ச் சரக்கைப் பொறுத்தவரை, ஷம்பேனுக்குப் பதிலாகக் கிரெமொன் என்ற வகையை ஒக்ரோபரிலேயே ஓடர் செய்யுங்கள். அதுவும் ஷம்பேனைப் போலவே போத்தலுக்குள் இரண்டாம் தடவை புளிக்கவைத்து நுரை ஏற்றியது. லிமூ, லோயர், அல்சாஸ் ஆகிய இடங்களிலிருந்து வருகிறது. ஆகக் குறைந்தது ஒன்பது மாதம் வண்டலோடு கிடந்திருக்க வேண்டும் என்பது சட்டம். லிமூவில் நுரை வைன் செய்தது 1531 முதல் என்று அவ்வூரார் பெருமை பேசுவார்கள். 2023 ஓகஸ்டுக்கு முன் நுரை வைனுக்குச் சாதாரண வைனைவிடக் கூடுதல் தீர்வை இருந்தது. இப்போது அந்த வித்தியாசம் நீங்கிவிட்டது. 12 முதல் 15 பவுண் வரை விலை வைக்கலாம். முதல் வருடம் மூன்று பெட்டி எடுத்து, டிசெம்பர் 20ஆம் திகதிக்குள் எத்தனை போனது என்று குறித்து வையுங்கள். அடுத்த வருட ஓடர் அந்தக் குறிப்பிலிருந்து.